நூறாண்டுகளுக்கும் மேல் தவறான பெயரில் வளர்ந்த திராட்சை

குடைமிளகாயை நறுக்கும்போது ஒரு பச்சை வாசனை எழும் அல்லவா? தென் அமெரிக்க நாடான சிலியின் ‘மெர்லோ’ வகைச் சிவப்பு ஒயினிலும் அதே வாசனை வந்துகொண்டிருந்தது. மற்ற நாடுகளின் மெர்லோவில் அது அவ்வளவாக இல்லை. சிலியின் மண்ணும் வெயிலும்தான் காரணம் என்று பலர் நினைத்தனர். உண்மைக் காரணம் வேறு.

1850களில் பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து திராட்சைக் கொடியின் தண்டுத் துண்டுகள் சிலிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. விதையிலிருந்து முளைக்கும் செடி தாய்ச்செடியிலிருந்து மாறுபடலாம். ஆனால், தண்டுத் துண்டிலிருந்து வளரும் கொடி தாய்க்கொடியின் மரபணுக்களையே கொண்டிருக்கும். அந்தத் துண்டுகளுக்கிடையே ‘கார்மெனேர்’ என்ற வகையும் இருந்தது. அதன் தோற்றம் மெர்லோவை ஒத்திருந்ததால் இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒரே பெயரில் வளர்ந்தன.

அடுத்த பத்தாண்டில் ‘பைலோக்சரா’ என்னும் மிகச் சிறிய பூச்சி வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அது வேரைத் தாக்கித் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. எதிர்ப்புத் திறன் கொண்ட அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பகுதியில் தங்கள் கொடிகளை ஒட்டுக்கட்டி விவசாயிகள் மீண்டனர். காய்ப்பு நிலையில்லாத கார்மெனேரை மட்டும் பெரும்பாலோர் மறுபடி நடவில்லை. பிரான்சில் அது ஏறத்தாழ மறைந்தேபோனது. சிலியிலோ கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர், மேற்கே பசிபிக் பெருங்கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். அந்தப் பூச்சி அங்கே பரவவில்லை.

1994 நவம்பரில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜான் மிஷெல் பூர்சிகோ சிலியின் மைப்போ பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தோட்டத்துக்கு வந்தார். அங்கு அது பூக்கும் காலம். ‘மெர்லோ’ என்று காட்டப்பட்ட கொடியின் பூவை அவர் உற்று நோக்கினார். மகரந்தத்தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். பின்னர் நடந்த மரபணுச் சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. கபர்னே ஃபிராங்க் என்ற வகை, மெர்லோ, கார்மெனேர் இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்று என்பதும் மரபணு ஆய்வுகளில் தெரியவந்தது. உருவ ஒற்றுமைக்கு உறவும் ஒரு காரணம்!

சரி, அந்தப் பச்சை வாசனை? ‘மெத்தாக்சிபைரசின்’ வகை வேதிச்சேர்மங்களே அதற்குக் காரணம். குடைமிளகாயிலும் அவை உண்டு. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். திராட்சை பழுக்கப் பழுக்க அவை குறையும். கார்மெனேர், மெர்லோவைவிடச் சில வாரங்கள் தாமதமாகப் பழுப்பது. இரண்டையும் ஒரே நாளில் பறித்ததால், கார்மெனேர் முற்றாத நிலையிலேயே ஒயினில் கலந்தது.

உண்மை தெரிந்தபின் இரண்டையும் பிரித்துத் தனித்தனிக் காலத்தில் அறுவடை செய்யத் தொடங்கினர். நன்கு பழுத்த கார்மெனேரில் பச்சை வாசனை அடங்கி, கரும்பழங்களின் மணம் மேலோங்கியது. இன்று கபர்னே சாவிஞோனுடன் கார்மெனேரைக் கலந்து தயாரிக்கும் விலையுயர்ந்த ஒயின்கள் சிலியின் அடையாளமாகிவிட்டன.

மாணவர்களே, அந்த வாசனை தொடக்கத்திலிருந்தே ஒரு தடயமாக இருந்தது. ‘இங்கே அப்படித்தான்’ என்று விட்டதால் அது கவனிக்கப்படவில்லை. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் அளவீடுகளில் ஒன்று மட்டும் பொருந்தாமல் நின்றால், அதை அழித்துவிடாதீர்கள். குறித்து வைத்துவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.