சூறாவளியின் வகை எண்: எதைக் குறிக்கிறது, எதைக் குறிப்பதில்லை

சூறாவளிக் காலத்தில் ‘முதல் வகை’, ‘நான்காம் வகை’ என்னும் அறிவிப்புகளைக் கேட்கிறோம். எண் சிறியதாயின் ஆபத்தும் சிறியதே என்று கருதுவது இயல்பு. அவ்வாறு கருதலாகாது என்பதற்கு நியூ ஜெர்சியின் அண்மைய வரலாறே சான்று.

அளவிடும் முறை

பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும், தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சனும் உருவாக்கிய அளவுகோல் இது. தரையிலிருந்து 33 அடி உயரத்தில், ஒரு நிமிடச் சராசரியாகக் கணக்கிடப்படும் உச்சக் காற்று வேகமே இதன் அடிப்படை. மணிக்கு 74 முதல் 95 மைல் வரை முதல் வகை. 96 முதல் 110 வரை இரண்டாம் வகை. 111 முதல் 129 வரை மூன்றாம் வகை. 130 முதல் 156 வரை நான்காம் வகை. 157 மைலும் அதற்கு மேலும் ஐந்தாம் வகை. வேகம் இருமடங்கானால், சுவரின் மீது காற்று செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும்.

தொடக்கத்தில் கடல்நீர் எழும் உயரமும் காற்றழுத்தமும் இவ்வளவுகோலில் இடம்பெற்றிருந்தன. ஒரே வகைப் புயல்கள் கடலை வெவ்வேறு உயரங்களுக்கு எழுப்பியமையால், 2010ஆம் ஆண்டில் அவை நீக்கப்பட்டன. ஆகவே இன்றைய வகை எண் மழையின் அளவையோ, வெள்ளத்தையோ, புயலின் பரப்பையோ குறிப்பதன்று.

நாம் கண்டவை

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி, பிரிகன்டைன் அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 மைல். முதல் வகைக்குரிய வேகமே. வெப்பமண்டலப் புயலின் தன்மையை அது அதற்குள் இழந்திருந்ததால், ‘சூறாவளி’ என்னும் பெயர்கூட அப்போது அதற்கு இல்லை. ஆயினும் அதன் மிகப் பரந்த காற்றுவெளி ராரிட்டன் விரிகுடாவுக்குள் கடலைத் தள்ளியது. கரையோரப் பகுதிகள் மூழ்கின. வீட்டுக் காப்பீட்டில் சூறாவளிக்கென உள்ள கூடுதல் ‘டிடக்டபிள்’ தொகையைச் சாண்டிக்கு விதிக்கலாகாது என்று மாநில ஆளுநர் பின்னர் ஆணையிட்டார்.

ஐடா 2021 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவை நான்காம் வகையாகத் தாக்கியது. செப்டம்பர் 1 அன்று இங்கு வந்தபோது அது எவ்வகையிலும் சேராத எச்சமாகவே இருந்தது. எனினும் நியூவார்க்கில் ஒரே நாளில் 8 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்தது. மாநிலத்தில் சுமார் 30 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் வாகனங்களில் சிக்கியவர்கள்.

தாயகத்திலும் இதுவே அனுபவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. அதற்கு முன்னரே மழை வெள்ளத்தில் மூழ்கியது சென்னை.

கவனிக்க வேண்டியவை

• வகை எண்ணுடன் மழை, வெள்ளம், கடல்நீர் எழுச்சி ஆகியவற்றுக்கான தனித்தனி எச்சரிக்கைகளையும் கேளுங்கள். ‘வாட்ச்’ என்பது ஆபத்துக்கு வாய்ப்பு உண்டு என்பதையும், ‘வார்னிங்’ என்பது ஆபத்து நேர்ந்துவிட்டது அல்லது நெருங்கிவிட்டது என்பதையும் உணர்த்தும்.

• கைப்பேசியில் ‘ஃப்ளாஷ் ஃப்ளட் வார்னிங்’ ஒலித்தால் பேஸ்மென்டில் உறங்குவோரை உடனே மேல்தளத்துக்கு அழைத்து வாருங்கள்.

• நீர் ஓடும் சாலையில் வாகனத்தைச் செலுத்தாதீர்கள். 12 அங்குல ஓடுநீர் சிறிய காரை இழுத்துச் செல்லவல்லது.

• வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தாது. கூட்டரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். வாடகைக்குக் குடியிருப்போரும் தம் உடைமைகளுக்கு அதனைப் பெறலாம். புயல் செய்தி வந்தபின் விண்ணப்பித்தால் அப்புயலுக்கு அது உதவாது.

• உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் 911ஐ அழையுங்கள்.