கடலும் இருப்புப்பாதையும் இணையும் பயணம்

நுழையும்முன்

பயணம் என்பது கால்களால் மட்டும் நிகழ்வதன்று, அறிவாலும் நிகழ்வது. ஓர் ஊர்தியை விட்டு இறங்கி மற்றோர் ஊர்தியில் ஏறிச் செல்லும் நெடும்பயணத்திற்கு முன்கூட்டிய திட்டம் இன்றியமையாதது. தமிழகத்தையும் இலங்கையையும் இணைக்கும் கப்பல், தொடர்வண்டிப் பயணத்தைச் சான்றாகக் கொண்டு அத்திட்டமிடலை விளக்குகிறது இக்கட்டுரை.

போட் மெயில் தந்த பாடம்

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின், சென்னை எழும்பூரில் புறப்பட்ட தொடர்வண்டி கடலைக் கடந்து தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே பயணிகள் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரை அடைந்தனர். தலைமன்னாரில் காத்திருந்த மற்றொரு தொடர்வண்டி அவர்களைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. மக்கள் இவ்வண்டியைப் ‘போட் மெயில்’ என்று அழைத்தனர்.

இவ்வழித்தடத்தின் சிறப்பு, ஒரே பயணச்சீட்டில் முழுப் பயணமும் அடங்கியதாகும். வண்டியும் கப்பலும் ஒன்றுக்கொன்று இசைவாக இயங்கியதால் இணைப்பைப் பற்றிய கவலை பயணிக்கு இல்லை. ஆயினும், அன்றைய பயணத்தில் வகுப்பு என்பது இருக்கையின் மென்மையை மட்டும் குறிக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தனித்து வைக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்குப் பின்னரே கப்பலேற இயன்றது. முதல் வகுப்பினருக்கு உல்லாசமாக அமைந்த அதே வழி, அவர்களுக்குக் காத்திருப்பின் வழியாக இருந்தது.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து இயங்கிய கப்பலும் 1984இல் நின்றுபோனது. தலைமுறைகளாகத் தொடர்ந்த உறவுப் பாலம் அறுந்தது.

மீண்டும் திறந்த கடல்வழி

சோழர் காலத்திலேயே கடல் வணிகத்தால் புகழ்பெற்ற நாகப்பட்டினத்திலிருந்து, இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணியர் கப்பல் தொடங்கியது. பருவமழையால் சில நாள்களிலேயே நின்ற அச்சேவை, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவை நான்கு மணி நேர அளவில் இக்கப்பல் கடக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், வவுனியா, அனுராதபுரம் வழியாகக் கொழும்புக்குத் தொடர்வண்டி உள்ளது. போரினால் சிதைந்த இவ்வடக்குப் பாதை 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

எனினும், போட் மெயில் காலத்தைப்போல் இன்று ஒரே சீட்டு இல்லை. இந்தியத் தொடர்வண்டி, கப்பல், இலங்கைத் தொடர்வண்டி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று காத்திராது. கப்பல் ஓடாத நாளிலும் தொடர்வண்டிச் சீட்டுக்கு இரயில்வேயின் வழக்கமான நீக்க விதிகளே பொருந்தும். ஆகவே, இணைப்பைக் காக்கும் பொறுப்பு பயணியையே சார்ந்தது.

அரிதானதை முதலில் உறுதிசெய்க

சென்னையில் வாழும் நால்வர் கொண்ட ஒரு குடும்பம், முதிய பாட்டியுடன் யாழ்ப்பாணத்தில் நடைபெறும் திருமணத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். தொடர்வண்டிச் சீட்டை முதலில் எடுப்பதே பலரது வழக்கம். அது பிழையான வரிசையாகும். நாகப்பட்டினத்திற்குத் தொடர்வண்டி தவறினால் பேருந்து உண்டு; கப்பல் தவறினால் மாற்றுக் கப்பல் இல்லை. எனவே, கப்பல் இயங்கும் நாளை உறுதிசெய்து, அதிலிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து பிற சீட்டுகளைப் பெறுதல் வேண்டும்.

கப்பல் காலையில் புறப்படுமாயின், அன்று விடியலில் வந்துசேரும் வண்டியை நம்புதல் கூடாது. அயல்நாட்டுப் பயணமாதலின் கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை ஆகியவற்றுக்காகப் புறப்படும் நேரத்திற்கு வெகுமுன்பே துறைமுகத்தில் இருத்தல் வேண்டும். முதல்நாளே நாகப்பட்டினத்தை அடைந்து ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவு, திருமணத்தைத் தவறவிடும் இழப்பை நோக்கச் சிறிதேயாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பால் கப்பல் நிறுத்தப்படலாம் என்பதையும் நினைவிற்கொள்க. அக்காலத்துத் திருமணத்திற்கு வான்வழியை எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.

இரு நாடுகளின் நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரத்தைத் திருத்த வேண்டிய தேவை எழாது.

வகுப்பு உயர்வு: எங்கே, எதற்கு?

இருக்கை வகுப்பை உயர்த்துவதற்கு இந்திய இரயில்வேயில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, 2006இல் அறிமுகமான தானியங்கி வகுப்பு உயர்வு. முன்பதிவின்போது இதற்கு இசைவு தெரிவித்தவர்களுள் முழுக்கட்டணம் செலுத்தியோரைக் கணினி தேர்ந்தெடுக்கும். பயணியர் பட்டியல் ஆயத்தமாகும்போது மேல்வகுப்பில் இடம் எஞ்சியிருந்தால், கூடுதல் கட்டணமின்றி அவ்விடத்தை அவர்களுக்கு ஒதுக்கும். அவர்கள் விட்டுச்சென்ற இடங்கள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளோருக்குக் கிடைக்கும். ஒருவருக்கு வசதியும் மற்றொருவருக்கு வாய்ப்பும் ஒருங்கே தரும் முறை இது. இரண்டாவது வழி, வண்டியில் இடம் காலியாக இருப்பின், பயணச்சீட்டுப் பரிசோதகரை அணுகிக் கட்டண வேறுபாட்டைச் செலுத்தி மேல்வகுப்புக்கு மாறுதல்.

இலவச உயர்வு எப்போதும் நன்மையே எனக் கருதுதல் பொருந்தாது. பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் மாறிவிடும். புதிய பெட்டியில் கீழ்ப்படுக்கை கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்ட நிலையில், குளிர்சாதனப் பெட்டியின் மேற்படுக்கை அவருக்கு உயர்வாகாது, இடராகும். அத்தகையோர் இசைவு தெரிவிக்காதிருப்பதே நன்று.

கப்பலிலும் இரு வகை இருக்கைகள் உண்டு: கீழ்த்தளத்தில் பொது இருக்கை, மேல்தளத்தில் கூடுதல் கட்டணத்துடன் சிறப்பு இருக்கை. அலையில் கப்பல் ஆடும்போது உயரத்தில் இருப்போரே மிகுதியான அசைவை உணர்வர். கடற்பயணத்தில் குமட்டல் ஏற்படுவோருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தள இருக்கையே ஏற்றது. இங்கு மிகுந்த விலை மிகுந்த நலத்தைத் தருவதில்லை.

இலங்கைத் தொடர்வண்டியில் முதல், இரண்டாம், மூன்றாம் என மூன்று வகுப்புகள் உள்ளன. திருமணம் முடிந்து கொழும்பு வரை செல்வதாயின், அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நெடும்பயணம். கையிலுள்ள பணம் ஒரு கட்டத்திற்கு மட்டுமே போதுமெனில், நான்கு மணி நேரக் கப்பலைவிட இந்நீண்ட கட்டத்திற்கு அதனைச் செலவிடுதலே பயன்தரும்.

தெரிந்து தெளிவோம்

> கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி எனக் கடலிலும் ஆற்றிலும் செல்லும் ஊர்திகளுக்குப் பழந்தமிழில் பல பெயர்கள் வழங்கின. ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ எனச் சென்று கலந்துள்ளது.

நிறைவாக

கடவுச்சீட்டு, இலங்கைக்கான நுழைவிசைவு, மூன்று சீட்டுகளின் படிகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கப்பலில் அனுமதிக்கப்படும் சுமையின் அளவையும் முன்பே கேட்டறிதல் வேண்டும்.

போட் மெயில் காலத்தில் வகுப்பு மனிதரைப் பிரித்தது. இன்று, எவருக்கு எந்த இருக்கை தேவை என்று எண்ணித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் கையில் உள்ளது. உடன் வருவோருள் மிகவும் தளர்ந்தவரை நடுவில் வைத்து வகுக்கும் திட்டமே சிறந்த திட்டமாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்வதற்கான பயணத் திட்டத்தைக் கப்பல் நாளிலிருந்து தொடங்கி அட்டவணையாக்குக.
2. ‘இலவச வகுப்பு உயர்வு அனைவருக்கும் ஏற்றதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. போட் மெயிலில் பயணம் செய்த முதியோர் உங்கள் பகுதியில் இருப்பின், அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதுக.