சூப்புக்கு உகந்த தக்காளி எது?

கால் மணி நேரத்தில் வீட்டிலேயே தக்காளி சூப் தயாரிக்கும் விதத்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். அடைமழை தொடங்கிவிட்டபடியால் வாசகர்களும் இதையே விரும்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. செய்முறை என்னவோ மிக எளிது. ஒரு கரண்டி வெண்ணெயில் நாலைந்து சின்ன வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் வதக்கி, நன்கு பழுத்த அரைக் கிலோ தக்காளியை நாலாக அரிந்து போட்டு, உப்பிட்டு, ஒரு சொட்டு ஜலமும் வார்க்காமல் மூடிவைத்தால், பழத்தின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 94 பங்கு நீரேயாதலால், அது தன் சாற்றிலேயே பத்து நிமிஷத்தில் குழைந்துவிடும்; பிறகு மசித்து, வடிகட்டியில் தேய்த்து இறக்கி, தேவையான வெந்நீர் கலந்து, ஒரு கொதி வந்ததும் மிளகைப் புதிதாகப் பொடித்துத் தூவினால் காரியம் முடிந்தது. வெண்ணெயை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன், பழம் வெந்து கொழுப்போடு சேரும்போதுதான் தேகத்தில் நன்றாகச் சுவறுகிறது. விதையைச் சூழ்ந்திருக்கும் கூழை வழித்து எறிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமே உண்டாகிறது. புளிப்பும், நாவுக்கு நிறைவு தருகிற குளுட்டமேட்டும் சதையைக் காட்டிலும் அந்தக் கூழில்தான் அதிகம்.

இவ்வளவையும் பிசகின்றிச் செய்த பின்பும் சூப் சப்பென்றிருக்குமானால், குற்றம் சமைத்தவர் கையில் இல்லை, பழத்தில் இருக்கிறது. கோலாரிலும் மதனப்பள்ளியிலும் செங்காயாகப் பறிக்கப்பட்டு, பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டு, இரவு முழுவதும் லாரியில் பிரயாணம் செய்து, விடியுமுன் கோயம்பேட்டில் வந்து இறங்கி, அதன் பின்னும் தள்ளுவண்டியில் நாலு நாள் வாடாமல் வீற்றிருக்க வேண்டிய ஒரு பழத்துக்கு, தடித்த தோலும் இறுகிய சதையும் அவசியமாகின்றனவேயன்றி, ருசி அவசியமாவதில்லை. பெங்களூர்த் தக்காளி என்று நாம் அழைக்கும் இந்த ஹைபிரிட் வர்க்கம் பார்வைக்கு லட்சணமானதுதான். ஆனால் பக்கத்தில், கோணலும் மாணலுமாக வரிவிழுந்து, தொட்டால் கன்றிப்போகும் நாட்டுத் தக்காளியை வைத்து இரண்டையும் தனித்தனியே கொதிக்கவிட்டுப் பாருங்கள். புளிப்பின் வித்தியாசம் ஆவியிலேயே தெரியும். அந்தக் குறையை மறைக்கத்தான் ஹோட்டல் சூப்பில் சர்க்கரையும் சோளமாவும் சாயமும் வந்து குடியேறின.

பழுக்கும்போது காம்போரத்தில் பச்சை தங்கும் பழத்தை, அழகு குறைவென்று கருதி மேலைநாட்டார் சென்ற நூற்றாண்டில் விலக்கினார்கள். ஒரே சீராகச் சிவக்கும் செடிகளையே பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். அந்தப் பச்சையை உண்டாக்கும் மரபணுவே பழத்துக்குள் சர்க்கரை சேரவும் உதவுகிறது என்பது 2012-ல் வெளியான ஆராய்ச்சியால்தான் தெளிவாயிற்று. அழகுக்காக இனிப்பைத் தியாகம் செய்த வியாபாரம் அது! பெரியகுளத்தில், அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 தக்காளியின் தோளில் இன்றைக்கும் அந்தப் பச்சை இருக்கிறது. அதைக் காய் என்று நினைத்துத் தள்ளிவிட்டு, பளபளப்பானதைப் பொறுக்குகிறோம்.

2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடா, பெங்களூரா என்று யார் பார்த்தார்கள், கிடைத்ததே போதுமென்றல்லவா இருந்தது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் விலை இறங்கிய பிறகும் நாம் பார்த்து வாங்கவில்லையே!

கேட்பாரில்லாத பழத்தை விவசாயி எத்தனை போகம் பயிரிடுவார் என்பதுதான் என் கவலை. ஹைபிரிட் பழத்தின் விதையை ஊன்றினால் தாயின் குணம் அப்படியே வாராது. நாட்டு ரகத்தில் பெரும்பாலும் வரும். வெந்த விதை முளைக்காதாகையால், சூப்புக்கு அரியும்போதே நன்றாகக் கனிந்த இரண்டு பழங்களை ஒதுக்கி, கூழோடு விதையைப் பிழிந்து இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். மழை ஓய்ந்ததும் மாடித் தொட்டியில் தூவினால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் பறிக்கலாம். அதுவரையில் பெங்களூர்த் தக்காளியில் சூப் வைக்கிறவர்கள், இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளட்டும். பால் மட்டும் சேர்க்க வேண்டாம், திரிந்துவிடும்.