36 விநாடிக்கு ஒரு கேள்வி

கரும்பலகைக்குப் போகும் வழி – 6

பி.எட். முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, "சீனியாரிட்டி எந்த வருஷம் வரைக்கும் வந்திருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்த தலைமுறையைப் போன வாரம் பார்த்தோம். ஆமை வேகம்தான் என்றாலும் அந்த வரிசை நகர்ந்தது. அதற்குக் குறுக்கே ஒரு தேர்வு வந்து நின்ற கதை இந்த வாரம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை என்றால், சொல்லித்தருபவர்களுக்கும் ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும் அல்லவா? அதை வகுக்கும் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்குப் போனது. பட்டயமோ பட்டமோ மட்டும் போதாது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க வருகிறவர் 'டெட்' எனப்படும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்று 2010 ஆகஸ்ட் 23 அன்று குழுமம் அறிவித்தது. மத்திய அரசுப் பள்ளிகளுக்கான 'சி-டெட்' 2011 ஜூனில் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் தேர்வை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம், அதாவது எல்லோர் வாயிலும் புழங்கும் டி.ஆர்.பி.யிடம், ஒப்படைத்து அரசாணை வெளியான நாள் 2011 நவம்பர் 15.

ஆயிரத்தில் நான்கு பேர்கூட இல்லை

முதல் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியர்களுக்குத் தாள் 1, பி.எட். முடித்த பட்டதாரிகளுக்குத் தாள் 2. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, நான்கு விடைகளையும் ஒப்பிட்டு, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்வதற்கும், தனிவட்டி கணக்குப் போடுவதற்கும் அதே 36 விநாடிதான்.

தேறியவர்கள் 2,448 பேர். ஆயிரம் பேர் எழுதினால் நான்கு பேர்கூடத் தேறவில்லை. 'வாத்தியார்களுக்கே ஒன்றும் தெரியவில்லை' என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. தனியார் பள்ளியில் பத்து வருடம் பாடம் நடத்தியவர்கள் தம் மாணவர்களின் பெற்றோர் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள்.

நேரம் போதவில்லை என்ற குரல் வலுக்கவே, தேறாதவர்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் 14-இல் மறுதேர்வு வைத்தார்கள். இம்முறை மூன்று மணி நேரம், கேள்விக்கு 72 விநாடி. ஏறக்குறைய 19 ஆயிரம் பேர் தேறினார்கள். மூன்று மாதம் கூடுதலாகப் படித்தார்கள், தேர்வின் போக்கும் பிடிபட்டிருந்தது, உண்மைதான். ஆனாலும் தேர்ச்சி ஏழெட்டு மடங்கு பெருகியதற்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஜூலையில் சோதிக்கப்பட்டது அறிவைவிட வேகம். பாடம் புரியாத பிள்ளையின் பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார வேண்டிய வேலைக்கு, ஆளைக் கடிகாரத்தை வைத்துப் பொறுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

மீண்டும் ஆறாம் வகுப்பு

இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவரை அடையாளம் காண்பது சுலபம். மாவட்ட மைய நூலகத்தில், போட்டித் தேர்வுப் பகுதியில், முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கோடிட்டுப் படித்துக்கொண்டிருந்தால் அவர் டெட் எழுதுகிறவராக இருப்பார். கோச்சிங் சென்டர் 'மெட்டீரியல்' ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். ஆனால் அனுபவப்பட்டவர்கள் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல சமச்சீர் புத்தகத்தை முடி, கைடை அப்புறம் பார்க்கலாம்." அதில் அர்த்தம் இருக்கிறது. தாள் 1-இன் பாடப்பகுதி ஐந்தாம் வகுப்பு வரை, தாள் 2-க்கு ஆறு முதல் எட்டு வரை. கேள்வியின் கடினமோ முதலாவதில் பத்தாம் வகுப்பு, இரண்டாவதில் பிளஸ் டூ வரைக்கும் ஏறலாம். தற்காலிக விடைக்குறிப்பை எதிர்த்து முறையிட வேண்டுமென்றாலும் ஆதாரமாகப் பாடநூலோ தரமான நூலோதான் செல்லும். கைடைக் காட்டினால் டி.ஆர்.பி. ஏற்காது.

தாள் 1-இல் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், தமிழ் முதலான முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல். தாள் 2-இல் முதல் மூன்றும் அப்படியே இருக்க, மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். தொல்லை இந்த அறுபதில்தான். கணிதப் பட்டதாரி செல்லின் பாகங்களையும் பூவின் பாகங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். தாவரவியல் படித்தவர் இயற்கணிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பி.ஏ. தமிழ் படித்தவர் பெரும்பாலும் சமூக அறிவியலை எடுத்துக்கொண்டு மௌரியர் காலத்துக்கும் மழைப்பொழிவு வகைகளுக்கும் போவார். அவர் உயிரைக் கொடுத்துப் படித்த இலக்கணமும் இலக்கியமும் மொத்தத்தில் 30 மதிப்பெண்தான்.

எல்லோரும் 'சைக்காலஜி' என்று அழைக்கும் குழந்தை மேம்பாட்டுப் பகுதிதான் பலரைக் கவிழ்ப்பதும், சிலரைக் கரைசேர்ப்பதும். பியாஜேயின் நான்கு நிலைகள், எரிக்சனின் எட்டுப் பருவங்கள், கோல்பர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிகள், பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் எலி, கோலரின் சிம்பன்சி, கார்ட்னரின் பன்முக நுண்ணறிவு. பெயரும் கொள்கையும் வயதும் ஒன்றோடொன்று கலந்து, பரீட்சைக்கு முந்தைய இரவில் எல்லாம் குழம்பும்.

இந்தப் பகுதியைப் பட்டியலாகப் படித்தால் சுமை, பிள்ளைகளை நினைத்துக்கொண்டு படித்தால் வெளிச்சம். பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர். குழந்தையின் கண்முன்னாலேயே ஒன்றிலிருந்ததை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றுகிறோம். இப்போது எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை உயரமானதைத்தான் காட்டும். ஏழெட்டு வயதில் அதே பிள்ளை 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று நம்மை விநோதமாகப் பார்க்கும். ஒன்றாம் வகுப்பில் லிட்டரும் மில்லிலிட்டரும் ஏன் ஏறுவதில்லை, மூன்றாம் வகுப்பில் அதுவே ஏன் சட்டென்று பிடிபடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. 'பருப்பொருள் செயல்நிலை: 7–11 வயது' என்று ஒரு வரியாக உருப்போட்டவருக்கும் மதிப்பெண் விழும். அந்தப் பிள்ளையை மனக்கண்ணில் பார்த்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். இருவரையும் பிரித்தறிய ஓ.எம்.ஆர். தாளுக்கு வழி கிடையாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பகுதிவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் கிடையாது, மொத்தம் வந்தால் போதும். தவறான விடைக்குக் கழிப்பும் இல்லை. ஆக, கணக்கு என்றாலே கைகால் உதறுகிறவர் அந்த 30 கேள்விகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டுவிட்டு, மற்ற நான்கு பகுதிகளில் தேறி வரலாம். குருட்டாம்போக்கில் போட்டாலே நாலுக்கு ஒன்று சரியாக விழும். கோச்சிங் சென்டரில் இதையே உத்தியாகச் சொல்லித்தருகிறார்கள்: "வராத சப்ஜெக்ட்டை விடுங்க, வர்றதுல அள்ளுங்க." தேறி வந்தபின் அவர்தான் மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தரப் போகிறார்.

அந்த 82

தேர்ச்சிக்கு வேண்டியது 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை தர மாநிலங்களுக்கு இடமிருந்தும் தமிழ்நாடு தொடக்கத்தில் தரவில்லை. இட ஒதுக்கீட்டுக்குப் பெயர்போன மாநிலத்திலா இப்படி என்று கேள்விகள் கிளம்பின. 2014 பிப்ரவரியில் ஐந்து சதவீதம் குறைத்து, 2013 ஆகஸ்டில் தேர்வெழுதியவர்களுக்கும் அதைப் பொருத்தினார்கள். 150-இல் 55 சதவீதம் 82.5. அரை மதிப்பெண்ணைத் தள்ளி 82 என்று முடிவானது. அதன்பின் பல ஆண்டுகள் டெட் எழுதுகிறவர்கள் வீட்டில் 82 என்பது வாகன எண்ணைப் போல எல்லோருக்கும் மனப்பாடம். விடைக்குறிப்பு வெளியான நாளில் 81-இல் நின்றவர்களின் பாடுதான் சொல்லி மாளாது. ஒரே ஒரு கேள்விக்கு விடை மாறாதா என்று நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு.

சிக்கல் அதோடு முடியவில்லை. தேறியவர்கள் பல்லாயிரம், காலியிடங்கள் குறைவு. யாரை முதலில் எடுப்பது? 2012 அக்டோபரில் அரசு கொண்டுவந்தது 'வெயிட்டேஜ்'. டெட் மதிப்பெண்ணுக்கு 60, மீதி 40 பிளஸ் டூவுக்கும் பட்டம், பி.எட். அல்லது பட்டயத்துக்கும். எந்த வருடம் பிளஸ் டூ எழுதினோம் என்பது இங்கே தலையெழுத்தாகிவிட்டது. மதிப்பெண்ணை எண்ணி எண்ணிப் போட்ட காலத்தில் 700 வாங்கியவரும், தாராளமான காலத்தில் 1,000 வாங்கியவரும் ஒரே பட்டியலில் நின்றார்கள். 2014-இல் கணக்கிடும் முறையை மாற்றினார்கள், மூத்தவர்களின் மனக்குறை மாறவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் வெயிட்டேஜ் செல்லும் என்றது. 2018 ஜூலையிலோ அரசே அதைக் கைவிட்டு, டெட் வெறும் தகுதி, நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு என்று அரசாணை போட்டது. 2013-இல் தேறி வேலைக்காகக் காத்திருந்தவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் திரும்பத் திரும்பப் போராட உட்கார்ந்தது இதனால்தான். ஒருமுறை தாண்டிய வேலியை இன்னொரு முறை தாண்டு என்றால் யாருக்குத்தான் ஆறும்?

பேருந்தில் அரை டிக்கெட்டுக்குப் பிள்ளையின் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு மேலா, கீழா என்று மட்டுமே அது சொல்லும். அந்தக் கோட்டை வைத்துப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்த முடியாது. டெட்டை அப்படித்தான் பயன்படுத்தினோம். குறைந்தபட்சத்தை உறுதிசெய்ய வந்த தேர்வை ஆறு ஆண்டுகள் தரவரிசைக் கருவியாக ஓட்டிப் பார்த்தோம்.

எப்போது வரும்?

தேர்வைவிடக் கொடுமை, தேர்வுக்குக் காத்திருப்பது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது குழுமத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இங்கே 2013 ஆகஸ்டுக்குப் பிறகு, 2014-இல் மாற்றுத்திறனாளிகளுக்கு நடந்த சிறப்புத் தேர்வைத் தவிர, அடுத்தது 2017 ஏப்ரலில்தான் வந்தது. பின்பு 2019 ஜூன். அதன்பின் கணினி வழியில், 2022 அக்டோபரில் தாள் 1, 2023 பிப்ரவரியில் தாள் 2. அடுத்தது 2025 நவம்பர். தேர்வு வருமா வராதா என்று தெரியாமலே கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். 2019-இல் இரண்டு தாள்களிலும் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. பாடப்புத்தகங்கள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

தேர்வு மையத்தின் வாசலில் நின்று பாருங்கள், எழுத வருகிறவர்களில் பெண்களே அதிகம். வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு கணவரோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டே, "தமிழ் ஈஸிக்கா, சைக்காலஜிதான் காலை வாரிடுச்சு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார்கள். வீட்டு வேலை, பள்ளி வேலை, பிள்ளை எல்லாம் போக, இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கும் நேரத்தில் படித்தவர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்வு வந்தால், ஒரு பிரசவமே ஒரு வாய்ப்பைத் தின்றுவிடும். தேர்ச்சிச் சான்றிதழ் ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்ததை 2021 ஜூனில் ஆயுள் முழுதும் என்று மாற்றியபோது அவர்கள்தான் மூச்சு விட்டார்கள்.

இருபது வருடம் நடத்தியவருக்கும்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, பணியில் இருப்பவர்களையும் இந்தத் தேர்வுக்குள் கொண்டுவந்தது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும், இல்லையேல் பணி போகும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு கோரியது, சிறப்புத் தேர்வுகளையும் அறிவித்தது. பதிவு மூப்பில் வந்து இருபது ஆண்டுகள் கழித்தவர்களின் கையிலும் பியாஜே ஏறிவிட்டார்.

தேர்வே வேண்டாம் என்பார் கட்சியில் நான் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புத்தகம் முழுக்கத் தெரியாதவர் ஐந்தாம் வகுப்புக்குப் போகக் கூடாது என்பதில் பிள்ளைகளின் நலன் இருக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்யக்கூட இப்போதைய தேர்வு ஒழுங்காக உதவவில்லை. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தால் அந்த ஓட்டை அடைபடும். தேதியை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து ஆண்டுதோறும் நடத்தினால் பாதி வேதனை தீரும். பணியில் இருப்பவரை எடைபோட வேண்டுமென்றால், அவர் வகுப்பில் ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். மாவட்டம்தோறும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களும் வட்டார வள மையங்களும் வைத்திருக்கிற மாநிலத்துக்கு அது முடியாத காரியமல்ல. செலவும் உழைப்பும் ஆகும், அவ்வளவுதான். அந்தச் செலவுக்குத் தயங்கித்தான் எல்லாப் பொறுப்பையும் 150 வட்டங்களின் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வாரம்: டெட் தேறியவர்கள் மறுபடியும் எழுதிய 2024 நியமனத் தேர்வு.

(தொடரும்)