போட்டோ எடுத்த தேதி எது?

சர்வே கேம்ப் போட்டோக்களைப் பென் டிரைவிலிருந்து லேப் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினேன். "என்னப்பா, இன்னிக்குத்தான் எடுத்தியா? கேம்ப் முடிஞ்சு மூணு வாரமாச்சே!" என்றார் சார். 'கிரியேட்டட்' என்ற இடத்தில் அன்றைய தேதி! கேம்ப் மார்க்கே போச்சு என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். விண்டோஸில் 'கிரியேட்டட்' என்பது அந்த டிஸ்க்கில் ஃபைல் பிறந்த நேரம். காப்பி செய்தால் புதுப் பிறவி. 'மாடிஃபைடு' தேதி மட்டும் பழையபடியே கூட வரும். பிறக்கும் முன்பே திருத்தப்பட்ட அதிசய ஃபைல்கள் இப்படித்தான் உண்டாகின்றன!

எடுத்த நேரம் ஃபைலுக்கு உள்ளேயே இருக்கிறது. 1995-ல் ஜப்பானில் வகுத்த எக்ஸிஃப் முறைப்படி கேமரா எழுதிவைப்பது அது. ப்ராப்பர்ட்டீஸில் 'டீடெயில்ஸ்' பக்கம் போனால் 'டேட் டேக்கன்' என்று தெரியும். காப்பி செய்தாலும் மாறாது. ஆனால் கேமரா கடிகாரம் தப்பென்றால் இதுவும் தப்புதான். எந்த நாட்டு நேரம் என்று குறிக்கும் இடமே 2016-ல்தான் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு கழன்றுவிடும்; டாக்குமெண்டாக அனுப்பினால் தங்கும்.

திறந்து காட்டினேன், சார் ஒத்துக்கிட்டார். குரூப் நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு படங்களுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி. அவன் போனையே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.