பன்னிரண்டு நிமிடப் படம்

சில ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பணியாற்றினேன். விசைத்தறித் தொழிலாளர்களும் கரும்பு விவசாயிகளும் வந்து செல்லும் எங்கள் கிளைக்கு ஒரு நாள் இளைஞர் ஒருவர் வந்தார். "சாகேப், குறும்படம் எடுக்கக் கடன் கிடைக்குமா?" என்று கேட்டார். கடனைத் திருப்பிச் செலுத்த வருமானம் எங்கிருந்து வரும் என்று வினவினேன். "படத்திலிருந்து வராது" என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

வணிகவியல் படித்த எனக்கு அந்த விடை வியப்பளித்தது. வருவாய் தராத ஒன்றில் எதற்காகப் பணம் போட வேண்டும்? அவர் தம் மாவட்டக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டினார்.

கர்மாளா வட்டத்து ஜேவூரைச் சேர்ந்த நாகராஜ் மஞ்சுளே, 2009-இல் 'பிஸ்துல்யா' என்ற மராத்திக் குறும்படத்தை இயக்கினார். பள்ளிக்குச் செல்ல ஏங்கும் ஏழைச் சிறுவனின் கதை அது. அப்படம் தேசியத் திரைப்பட விருது பெற்றது. அதன் பின்னரே 'ஃபன்ட்ரி', 'சைராட்' ஆகிய முழுநீளப் படங்கள் வந்தன. 2016-இல் வெளியான 'சைராட்', நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் மராத்திப் படமாயிற்று.

குறும்படங்களைத் திரையரங்குகள் பொதுவாகத் திரையிடுவதில்லை. ஆகவே போட்ட பணம் திரும்புவது அரிது. நண்பர்கள் ஊதியமின்றி உழைத்தாலும் கருவி வாடகை, பயணம், உணவு, ஒலிச்சேர்ப்பு ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. எனினும் புதியவர் ஒருவரின் திறமையை நம்புவதற்குத் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் சான்று அதுவே. முதல் சிறுகடனை ஒழுங்காகச் செலுத்தியவரை வங்கி நம்புவதும் இவ்வாறுதானே!

இப்படங்களுக்கென மேடைகளும் உள்ளன. ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப்படம் ஆகியவற்றுக்கான மும்பை சர்வதேச விழா 1990 முதல் நடைபெறுகிறது. திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்துகிறது. கோவாவில் நடைபெறும் இந்தியத் திரைப்பட விழாவும் இளம் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, குறுகிய நேரத்தில் குறும்படம் எடுக்கும் போட்டியை நடத்துகிறது.

அந்த இளைஞருக்கு நான் கடனைப் பரிந்துரைக்கவில்லை. நிலையான வருமானம் இல்லாதவர்மீது மாதத் தவணையைச் சுமத்த மனம் ஒப்பவில்லை. மாறாக, தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொன்னேன். முகம் வாடினாலும் தொடங்கினார். திருமண நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துக் கிடைத்த கூலியிலிருந்து மாதந்தோறும் செலுத்தி, ஓராண்டு முடிவில் முதிர்வுத் தொகையைப் பெற்றுச் சென்றார்.

பின்னர் நூலகக் கூடமொன்றில் அப்படத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடங்கள். விசைத்தறியின் இரைச்சலில் பல்லாண்டுகள் உழைத்துச் செவித்திறன் குன்றிய ஒரு தொழிலாளியின் ஒரு நாள். நடித்தவர் அவருடைய தந்தை. முன்வரிசையில் அமர்ந்து படம் பார்த்த அப்பெரியவருக்குக் கைதட்டல் கேட்டிருக்காது; திரும்பிப் பார்த்தபோதுதான் எல்லோரும் எழுந்து நிற்பதைக் கண்டார்.

உங்கள் ஊரிலும் இத்தகைய திரையிடல் நடக்கக்கூடும். ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்குங்கள். நுழைவுச்சீட்டு இருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். வீட்டில் ஓர் இளைஞர் திரைக் கனவோடு இருந்தால், கடனுக்கு முன்பாகச் சேமிப்பைப் பழக்குங்கள்.