இரவில் உழைத்தவருக்குப் பகலில் உறக்கம் வராதது ஏன்?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு, எஃகு ஆலைகள் பல உள்ளன. உருக்கு உலையை மாலையில் அணைத்து மறுநாள் காலை மீண்டும் சூடேற்றினால் எவ்வளவு வெப்ப ஆற்றல் வீணாகும் என்று எண்ணிப் பாருங்கள். எனவேதான் இத்தகைய ஆலைகள் இரவிலும் ஓடுகின்றன. தொழிலாளர்கள் முறைவைத்து ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள்.

இரவு பத்து மணிக்கு உள்ளே சென்றவர் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறார். இரவெல்லாம் உழைத்த உடல் படுத்தவுடன் மாலைவரை உறங்க வேண்டும் அல்லவா? ஆனால் பலருக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு புரண்டு படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

இரண்டு விசைகள்

நம் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. முதலாவது உறக்க அழுத்தம். நாம் விழித்திருக்கும்போது மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவிடுகின்றன. அப்போது அடினோசின் என்னும் பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது சேரச் சேரக் கண் செருகுகிறது. உறங்கும்போது அது குறைகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன், அடினோசின் போய் அமர வேண்டிய இடங்களில் தான் அமர்ந்துகொள்கிறது. அழுத்தம் குறைவதில்லை, அது நமக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். குடித்த காபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

இரண்டாவது விசை, உடலுக்குள் ஓடும் கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு தொகுதி இருக்கிறது. அதுவே தலைமைக் கடிகாரம். அது பகலில் 'விழித்திரு' என்று கட்டளையிடுகிறது. இரவில் அக்கட்டளையைத் தளர்த்துகிறது.

இரவு ஷிப்டுத் தொழிலாளியின் நிலை இப்போது விளங்குகிறதா? பின்னிரவு மூன்று முதல் ஐந்து மணிவரை அழுத்தமும் கடிகாரமும் சேர்ந்து அவரை உறக்கத்துக்கு இழுக்கின்றன. அந்நேரத்தில் அவர் எந்திரத்தின் முன் நிற்கிறார். காலையில் வீட்டில் படுத்ததும் அழுத்தத்தால் உறங்கிவிடுகிறார். சில மணி நேரத்தில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. கடிகாரமோ 'பகல் வந்துவிட்டது, எழுந்திரு' என்கிறது. இது சோம்பலுமன்று, மனவுறுதிக் குறைவுமன்று, உடலின் இயல்பு.

தொட்டாற்சிணுங்கியும் மதுரை வெளவாலும்

இப்படி ஒரு கடிகாரம் உண்டு என்பதை முதலில் காட்டியது ஒரு செடி. 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி தெ மேரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெயிலே படாத நிலையிலும் அது பகலில் இலைகளை விரித்தது, இரவில் மூடியது!

நம் தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், குகையில் வாழும் வெளவால்களை ஆராய்ந்தனர். குகை இருட்டில் கூண்டில் வைத்த ஒரு வெளவால், மற்ற வெளவால்கள் உடனிருந்தவரை அவற்றோடு ஒத்த நேரத்தில் இயங்கியது. துணை இல்லாதபோது தன் சொந்தக் கடிகாரப்படி இயங்கி, வெளியுலக நேரத்திலிருந்து விலகிப் போயிற்று. பின்னர் அங்கே மனிதருக்கும் ஒரு தனிமை அறை அமைத்தார்கள். கடிகாரமோ வெயிலோ எட்டாத அவ்வறையில் தன்னார்வலர்கள் பல நாட்கள் தங்கினர். அவர்களும் வெளியுலகத்தோடு ஒட்டாத ஒழுங்கில் உறங்கி விழித்தனர்.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 10 நிமிடம் அளவில் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் பிந்தும் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது போல இதையும் யாரேனும் திருத்த வேண்டும். திருத்துவது யார்?

ஒளி செய்யும் வேலை

திருத்துவது ஒளி. நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல், வெளிச்சத்தை அளந்து கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி அவற்றை மிகுதியாகத் தூண்டும். காலை ஒளி கடிகாரத்தை முன்னே தள்ளும். முன்னிரவு ஒளி பின்னே தள்ளும். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸுக்குள் அடங்கும். நேர் வெயிலோ 1,00,000 லக்ஸை எட்டும்.

காலை ஆறு மணிக்கு ரயிலுக்காக நிற்கும் தொழிலாளி இந்த ஒளியில் நனைகிறார். இரவு வேலைக்கேற்ப மாற வேண்டிய கடிகாரம் பழைய இடத்திலேயே பிடித்து வைக்கப்படுகிறது. அது மாறத் தொடங்கினாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் நகரும். அதற்குள் ஷிப்டு மாறிவிடும்.

வெப்பமும் ஒரு தடை

உறக்கம் வர உடலின் உள்வெப்பநிலை சற்றுக் குறைய வேண்டும். வெப்பம், அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே பாயும் என்று படித்திருக்கிறீர்கள். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ். தகரக் கூரையின் கீழ் மே மாத நண்பகலில் அறைக் காற்று அதையும் தாண்டிவிடும். பிறகு வெப்பம் எப்படி வெளியேறும்? வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே அதுவும் மெதுவாகவே நடக்கிறது.

மற்றவர்களுக்கும் ஏன் வருகிறது?

உறக்கமின்மைக்கு ஷிப்டு மட்டுமே காரணமன்று. கவலை, மனச்சோர்வு, உடல்வலி, மூச்சிரைப்பு, தைராய்டு சுரப்பியின் மிகைச் சுரப்பு, மது ஆகியவையும் உறக்கத்தைக் கெடுக்கும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு நீடித்தால் அது நாட்பட்ட உறக்கமின்மை எனப்படும்.

இதில் ஒரு விந்தை உண்டு. தொடங்கி வைத்த காரணம் நீங்கிய பின்னும் உறக்கமின்மை நீடிக்கலாம். தேர்வுக் கவலையால் சில இரவுகள் விழித்த மாணவன், 'இன்றும் உறக்கம் வராதோ' என்று அஞ்சியே விழித்திருப்பான். படுக்கையைக் கண்டால் விழிக்க வேண்டும் என்று மூளை பழகிவிடுகிறது. பழகியதை மாற்றவும் முடியும். இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் செருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். எப்போது உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாதீர்கள். அதன் ஒளி கடிகாரத்தைப் பின்னே தள்ளும், அதில் வரும் செய்தி மனத்தை விழிக்க வைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் தந்தையோ அக்காவோ இரவு ஷிப்டு பார்ப்பவரானால், அவருடைய பகல் உறக்கம் உங்கள் கையிலும் இருக்கிறது. சன்னலுக்குக் கனத்த கருந்துணி கட்டுங்கள். தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள். அவர் உறங்கும்போது கதவைத் தட்ட வேண்டாமென்று அண்டை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ஷிப்டின் பிற்பாதியில் தேநீரைத் தவிர்க்கவும், கண் சொக்கும்போது இருசக்கர வண்டி ஓட்டாமலிருக்கவும் அவரிடம் கூறுங்கள். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ, உறக்கமின்மை நீடித்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் தாமே உறக்க மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து.

பகல் பதினொரு மணிக்கு ஒருவர் போர்த்திப் படுத்திருந்தால் 'இன்னுமா தூக்கம்?' என்று கேட்டுவிடாதீர்கள். அவருக்கு அப்போது நள்ளிரவு.